பிரேக்கில் சந்தனம்

செப்டம்பர் 7, ஞாயிறு

காரைக் கழுவினேன். ஆள் வைத்துக் கழுவலாம். ஆனால் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டிய ஒரு காரைப் பார்த்தால் யாரும் கழுவுவதோடு நிறுத்துவதில்லை; உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இவர் ஜன்னலருகே நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின் சக்கரத்தை நான் சரியாகத் துடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முகத்தின் இடது பாதியில்.

மார்ச்சில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இன்னும் முழுதாகப் பேச்சைக் கேட்பதில்லை. பேச்சு திரும்பிவிட்டது என்கிறார் டாக்டர். திரும்பிய பேச்சு மெலிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நின்று நின்று வருகிறது. அதனால் இவர் ஒரு சொல் சொல்வார். மீதியை நான் முடித்துவிடுவேன். இருவருக்கும் நேரம் மிச்சம்.

செப்டம்பர் 8, திங்கள்

பிசியோதெரபிஸ்ட் ஹேமா வந்தாள். ஜூலையிலிருந்து இவர் பயிற்சி எதுவும் செய்வதில்லை என்பதால், அவள் வந்து டீ குடித்துவிட்டுப் போவதாக ஆகியிருக்கிறது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "முதல் வருசத்துல எவ்வளவு வருதோ, பெரும்பாலும் அதுதாங்க மேடம். இப்படியே உக்காந்துட்டார்னா இதோட நின்னுரும். அப்புறம் ஒண்ணு, அவர் பேசறப்ப நீங்க முடிக்காதீங்க. வார்த்தையெல்லாம் உள்ள இருக்கு. வெளிய வர நேரமாகுது, அவ்வளவுதான்."

நான் இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறேன். காத்திருக்கத் தெரியாதவள் என்று யாரும் சொன்னதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கொழுந்தனார் போனில். எங்கள் இரும்பு வார்க்கும் பவுண்டரியை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். "அண்ணி, அந்தக் காருக்குத் திருப்பூர்ல ஒருத்தர் கேக்கறாருங்க. அண்ணன் இனி ஓட்டவா போறாரு? சும்மா நிக்கறதுக்குக் குடுத்துறலாமில்லீங்?"

தீபாவளி கழியட்டும் என்றேன். விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. போன வருடம் வாங்கும்போதே வேண்டாம் என்றவள் நான். தினமும் அதில் கல்லூரிக்குப் போவது பேட்டரி இறங்காமல் இருப்பதற்காகத்தான்.

என் சொந்தக் காரின் பேட்டரி இறங்கிவிட்டது. மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

இந்தக் காரில் வேகத்தடையை நேராக ஏறக்கூடாது. அடி தட்டும். சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மிணி, கோலம் போட்டு முடிச்சாச்சுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கல்லூரியில் வண்டி நிறுத்துமிடம் சரிவு. நிறுத்தியதும் முதல் வேலை ஹேண்ட் பிரேக், பிறகுதான் சாவி. புடவையோடு தரை மட்டத்திலிருந்து எழுந்து வெளியே வருவதை ஆங்கிலத் துறை ரோஸ்லின் தினமும் நின்று பார்க்கிறாள். "வாணி, உங்களுக்கு ஐம்பது வரப்போகுதுன்னு அந்தக் காருக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இவர் சேர்ந்திருக்கும் கார் குழுவிலிருந்து செய்தி. சொந்தக் காரைப் பந்தய டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள் ஒன்றுக்குப் பிப்ரவரியில் இவர் பெயர் கொடுத்திருந்தார். அதை அக்டோபர் 12-க்கு மாற்றி வைத்திருக்கிறார்களாம். வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். படித்துக் காட்டினேன்.

"சொல்லு" என்றார்.

"வரலைன்னு சொல்லிர்றேன்."

இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு, அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடங்கும் அளவு நேரம் கழித்து, "வர்றோம்னு" என்றார்.

பாலைத் துடைத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டென்சிங் வந்திருந்தார். சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கிறார். இந்தக் காரை முதலிலிருந்து பார்ப்பவர். "கோயம்புத்தூர்ல இந்த வேலைக்கு என்னைய விட்டா ஆளில்லீங்க்கா. நானேதான் சொல்லிக்கறேன், வேற யாரும் சொல்றதில்ல" என்பார். இவர் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் தலையாட்டினார், அல்லது ஒரு சொல் சொன்னார். "டயர்." "ஆயில்."

எனக்குப் புரிந்தது இவ்வளவு: தினசரி ஓட்டத்துக்கு இந்தக் காரில் குறை எதுவும் இல்லை. டிராக்கில் திரும்பத் திரும்ப முழு பலத்தோடு பிரேக் மிதிப்பார்கள். பழைய பிரேக் திரவம் ஈரம் இழுத்திருக்கும், சூட்டில் கொதித்துவிடும். பிறகு மிதித்தால் கால் வெறுமனே கீழே போகும். அதனால் திரவமும், சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடும் புதிதாக வேண்டும். ஓடி முடித்து நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடவே கூடாது. கொதிக்கும் தட்டைப் பேடு கவ்விக்கொண்டு அப்படியே ஒட்டிப்போகுமாம். கியரில் விட்டுவிட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்தால் போதும்.

"யார் ஓட்டறது? நீங்களா?" என்று டென்சிங்கைக் கேட்டேன்.

"தினம் ஓட்டறவங்களுக்குத்தானுங்க்கா அந்த பிரேக்கோட சொரணை தெரியும்."

இவர் விரலை என் பக்கம் நீட்டினார். பிறகு தன் மார்பில் வைத்து, பக்கத்து இருக்கை என்பதுபோல இடப்பக்கம் காட்டினார்.

டென்சிங் தலையைச் சொறிந்தார். "அண்ணா, அதுல ஒரு சிக்கல் இருக்குதுங்க. பக்கத்துல உக்கார்றவங்க பெல்ட்டத் தானே கழட்டி, தானே எறங்கி வரோணும். யாரும் கை குடுக்கக் கூடாது. கெளம்பறதுக்கு முன்னாடி செஞ்சு காட்டச் சொல்லுவாங்க."

டென்சிங் போனதும் இவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு கார் நிற்கும் இடம் வரை போனார். அவராக வாசல்படி இறங்கிப் பார்த்து வெகுநாளாகிறது.

செப்டம்பர் 17, புதன்

பயிற்சி. காரில் ஏறுவது எளிது, விழுந்தால் போதும். இறங்க முடியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

ஹேமா டீ குடிக்கவில்லை. காரருகே நின்று சொல்லிக்கொடுத்தாள். முதலில் இடது காலை வெளியே வைக்க வேண்டும். இடது கையால் கதவுக்கு மேலே உள்ள விளிம்பைப் பிடித்து, முன்னால் குனிந்து, எழ வேண்டும். வலது காலைக் கடைசியாக இழுத்துக்கொள்ளலாம். இவர் பாதி எழுந்து மூன்று முறை திரும்ப விழுந்தார். நான் கை நீட்டினேன். ஹேமா என்னைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

"நாளைக்கும் வரட்டுங்களா சார்?" என்று கேட்டாள். நாளை அவள் முறை இல்லை.

"வா" என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

உள்ளே உருளக்கூடிய எதுவும் காரில் இருக்கக் கூடாதாம். காலி செய்தேன். குடை, தண்ணீர் பாட்டில், இரண்டாம் ஆண்டு ஆய்வக ஏடுகள், கொண்டை ஊசிகள், ரோஸ்லினின் டிபன் மூடி. எல்லாம் என்னுடையவை. இருக்கைக்கு அடியிலிருந்து இவருடைய குளிர் கண்ணாடி கிடைத்தது. மார்ச்சில் தேடினோம்.

கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள் எதற்கு என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

இறங்கிவிட்டார். யாரும் கை கொடுக்கவில்லை. அழகாக இல்லை, ஆனால் இறங்கிவிட்டார். சட்டைப் பித்தான் ஒன்று போயிற்று. ஹேமா கைதட்டினாள். எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டியிருந்ததால் உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தினமும் இறங்குகிறார். எதிர்வீட்டு அம்மாள் காய்கறி நறுக்கும் வேலையை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

புது பிரேக் பேடுகள் வந்துவிட்டன. டென்சிங் வெள்ளிக்கிழமை எடுத்துப் போகும் வரை எங்கள் கூடத்து மேசையில் இருக்கும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. விடுமுறை.

போன வருடம் வரை பவுண்டரியில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இவர்தான் சந்தனம் குங்குமம் வைப்பார். பளு தூக்கியில் தொடங்கி, வாசலில் இருக்கும் சைக்கிள் பம்ப் வரை. இந்த வருடம் வரவில்லை என்று சொல்லச் சொன்னார். கொழுந்தனார் பொரியும் பழமும் கொடுத்தனுப்பினார்.

நம் வீட்டில் பூஜை இல்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். இவர் பகலில் தூங்கினார். கூடத்தைப் பெருக்கினேன். உள்மதிப்பெண் போட்டு முடித்தேன்.

சந்தனம் குழைத்த கிண்ணம் ஊறுகிறது. காலையில் கழுவ வேண்டும்.

அக்டோபர் 4, சனி

நேற்று பேடு மாட்டியாயிற்று. இன்று காலை டென்சிங் காரை எடுத்துப்போனார். புதுப் பேடை முதலில் பழக்க வேண்டுமாம்: காலி சாலையில் நல்ல வேகம், அழுத்தமாக பிரேக், மறுபடி வேகம், மறுபடி பிரேக், பிறகு ஆற விடுதல். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னவர் உடனே திரும்பி வந்தார். காரிலிருந்து கிறீச்சென்று சத்தம். முன் சக்கரங்களில் மெல்லிய புகை.

"அக்கா" என்றார் இறங்கி. "பிரேக் அடிச்சா கோயில் வாசம் வருதுங்க."

இவர் வாசலில் நின்றிருந்தார்.

டென்சிங் தொடர்ந்தார்: "பேடு டப்பாவத் திறந்தப்பவே பாத்தேனுங்க. நாலு பேட்டுலயும் நட்ட நடுவுல வட்டமாச் சந்தனம், மேல குங்குமம். தட்டு மேல உரசற பக்கத்துல. வேறொருத்தர் சாமி காரியம், நான் சர்ச்சுக்குப் போறவன். தொடைச்சா தப்பாயிடுமோன்னு அப்படியே மாட்டிப்போட்டனுங்க. காஞ்சு உதுந்துரும்னு நெனச்சேன். ஊறிப்போச்சுங்க."

யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் செம்பருத்திச் செடியில் பழுத்த இலைகளைப் பறித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க பட்டறைப் பசங்க வேலையா இருக்குமுங்க" என்றார் டென்சிங், செடியைப் பார்த்து. பேடுகளை அவர் எடுத்துப் போனதே ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் கழித்துத்தான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்போது இவர் என்னைப் பார்த்து, "பிசிக்ஸ்" என்றார். பிறகு, "உராய்வு" என்றார். பிறகு சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கதவைப் பிடித்துக்கொண்டு. முகத்தின் வலது பாதியும் கொஞ்சம் சிரித்தது. மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

டென்சிங் சக்கரங்களைக் கழற்றி, பேடுகளை எடுத்து, தரையில் உப்புத்தாளை விரித்து அதன்மேல் தேய்த்தார். ஒன்றை நான் தேய்த்தேன். மேல் பகுதி போய்க் கறுப்பு சீராகத் தெரியும் வரை. மாலையில் மறுபடி ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை.

"வாசம் மட்டும் சித்த இருக்குதுங்க்கா. அது ஓடறதத் தடுக்காது."

அக்டோபர் 8, புதன்

டிராக்கில் புடவை கூடாது. செருப்பும் கூடாது. கான்வாஸ் ஷூ வாங்கினேன். கடைப் பையன் "வாக்கிங் போறதுக்குங்களா மேடம்?" என்றான். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

டயரில் வழக்கத்தைவிடக் குறைவாகக் காற்று வைத்தார் டென்சிங். ஓடி ஓடிச் சூடேறினால் அழுத்தம் தானாக ஏறும். இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். டயரில் இதுவரை பார்த்ததில்லை. சக்கர நட்டுகளை, எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவில் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனரால் இவர் இடது கையாலேயே சரிபார்த்தார். நான் முடித்துக் கொடுக்கப் போகவில்லை.

அக்டோபர் 11, சனி

இவர் மூன்று முறை இறங்கிக் காட்டினார். மழை வராது என்கிறார்கள். தூக்கம் வரவில்லை. காபி அதிகம் குடித்திருப்பேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். செட்டிபாளையம் சாலையில் இவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, குளிர் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். வேகத்தடைகளில் கோலம் போட்டேன்.

டிராக்கில் இருபது கார்கள் இருக்கும். எல்லாம் என் மாணவர்கள் வயதுப் பையன்கள். டென்சிங் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், செய்தித்தாளில் சுற்றிய செங்கல்லும் கொண்டுவந்திருந்தார். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் கார்களைச் சோதித்தார். பிரேக்கை அழுத்தச் சொன்னார், சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார், உள்ளே குனிந்து முகர்ந்தார்.

"ஊதுபத்தி ஏதாவது வெச்சிருக்கீங்களா மேடம்?"

"இல்லீங்க."

பிறகு இவரிடம், "சார், ஹெல்மெட்டப் போட்டுட்டு உள்ள உக்காருங்க. நான் சொன்னதும் நீங்களா வெளிய வரணும்" என்றார்.

தாடைக்குக் கீழே கொக்கியை நான் மாட்டிவிட்டேன். அது அனுமதிக்கப்பட்டது. இவர் பெல்ட்டைக் கழற்றினார். இடது காலை வெளியே வைத்தார். விளிம்பைப் பிடித்து, குனிந்து, எழுந்தார். ஹெல்மெட் கூரை விளிம்பில் மோதி, டங்கென்ற சத்தத்தோடு திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் ஒரு நாள்கூட ஹெல்மெட்டோடு பழகவில்லை. சட்டை, ஷூ, பெல்ட் எல்லாம் யோசித்தோம். தலை பெரிதாகிவிடும் என்று யோசிக்கவில்லை.

மறுபடி முயன்றார். இன்னும் தாழக் குனிந்தார். அப்போது கால் தாங்கவில்லை. மறுபடி. நான் ஓரடி முன்னால் போனேன்.

"மேடம், கை குடுக்கக் கூடாதுங்க."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. இவரருகே குந்தி உட்கார்ந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள தீப்புடிச்சா, நான் ஓடி வர்றதுக்குள்ள நீங்க வெளிய நிக்கணும். அதுக்குத்தான்" என்றார். இவர் தலையாட்டினார்.

ஹெல்மெட்டைக் கழற்றி, டென்சிங்கும் நானும் இவரை எழுப்பினோம். நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். ஜூலையில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போலாங்க" என்றேன்.

"நீ" என்றார்.

சொல்றது சரி, என்று முடிக்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

"நீ. போ" என்றார். கையால் கேட்டின் பக்கம் காட்டவில்லை. டிராக்கைக் காட்டினார்.

டென்சிங் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். "போய்ட்டு வாங்க்கா. அண்ணன நான் பாத்துக்கறேன். இல்லீன்னா அவரு என்னையப் பாத்துக்குவாரு."

புதியவர்களுக்கு முன்னால் ஒரு வழிகாட்டிக் கார் போகும். அதை முந்தக் கூடாது. அது போகும் கோட்டிலேயே போக வேண்டும். முதல் சுற்றில் கைகள் வழுக்கின. இரண்டாவதில், எந்த வளைவில் எங்கே பார்க்க வேண்டும் என்று புரிந்தது. திரும்பும் இடத்தையல்ல, வெளியேறும் இடத்தை. காருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. ஆறு மாதமாக டவுன் பஸ்களுக்குப் பின்னால் என்னோடு பொறுமையாக வந்திருக்கிறது.

மூன்றாவது சுற்றில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். காரில் வேறு யாரும் இல்லை.

ஒவ்வொரு முறை பிரேக் மிதித்தபோதும் மெல்லச் சந்தன வாசம் வந்தது.

கொடி காட்டியதும் உள்ளே திரும்பி, சுவரோரம் நிறுத்தினேன். நிறுத்தியதும் கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. கல்லூரிச் சரிவில் தினமும் போவதுபோல.

"ஏ வாணி, ஹேண்ட் பிரேக்கப் போட்றாத."

டிராக் முழுக்கக் கேட்டிருக்கும். கார்ப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரர் திரும்பிப் பார்த்தார். டென்சிங் கையில் டீயோடு அப்படியே நின்றார். நான் கையை எடுத்துவிட்டேன்.

முழு வாக்கியம். நடுவில் நிற்கவில்லை. பவுண்டரியில் உலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கூப்பிடும் குரல்.

இவர் எழுந்து வந்துகொண்டிருந்தார். கைத்தடி நாற்காலியில் கிடந்தது. இடது கையால் சுவரைப் பிடித்தபடி ஒவ்வோர் அடியாக வந்தார். சக்கரத்தருகே கிடந்த செங்கல்லை வலது காலால் தள்ளினார். கால் உடனே கேட்கவில்லை. மறுபடி தள்ளினார். கல் டயருக்கு அடியில் போய் நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்ற எனக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. கொக்கி சிக்கிக்கொண்டது.

அக்டோபர் 13, திங்கள்

ஹேமா வந்தபோது இவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார். அவள் பயந்துபோனாள். அடுத்த டிராக் நாள் டிசம்பரில் வருகிறது.

கொழுந்தனாரிடம் திருப்பூர்க்காரருக்கு வேறு கார் பார்க்கச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். பிரேக் இப்போதுதான் பழகியிருக்கிறது என்றேன்.

மாலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையிலிருந்து இவர், "மூணாவது வளைவுல நீ" என்று ஆரம்பித்தார். நின்றார். அடுத்த சொல் என் வாயில் தயாராக இருந்தது. மாவை வட்டமாகத் தேய்த்தேன். ஓரங்களில் எண்ணெய் விட்டேன். வெந்ததும் திருப்பிப் போட்டேன். எடுத்து இவர் தட்டில் வைத்தேன்.

"ரொம்ப முன்னாடியே பிரேக் மிதிக்கற" என்று முடித்தார்.

அது தவறு. வழிகாட்டிக் காரும் அங்கேதான் மிதித்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.